தூரத்தார் டப்பா

ஊசி விரலில் குத்தினால் நீங்களும் நானும் ‘ஸ்’ என்போம், விரலைச் சப்பிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். அந்த அம்மா தையல் மெஷினை நிறுத்திவிடுவார். மிதியிலிருந்து காலை எடுத்து, கண்ணை மூடி, ரத்தம் வருகிற விரலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்தப் பாவத்துக்கு இந்தக் குத்து என்று தேடுகிறாராம். கண்டுபிடிக்கும்வரை ஒரு தையல்கூட ஓடாது. ரவிக்கை வாங்கப் போன நான் ஒரு நாள் அப்படிக் கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். கடைசியில் கண்ணைத் திறந்து, “நேத்து அந்த ராஞ்சிக்காரி வந்து ஒரு கை உப்பு கேட்டா. இருந்துச்சு. இல்லைன்னுட்டேன்” என்றார். தொலைந்த சாவி கிடைத்ததுபோல முகத்தில் அப்படியொரு நிம்மதி. உடனே எழுந்து உப்பை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு, காட்டு வேலைக்கு ராஞ்சியிலிருந்து வந்திருந்த அந்தப் பெண் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். என் ரவிக்கை மறுநாள்தான் கிடைத்தது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் போகப் போகத் தெரியும்.

அறுபதுகளின் நடுவில், கல்யாணம் முடிந்த கையோடு நான் அந்தமானில் இருக்கிற லாங் ஐலண்டுக்கு வந்தேன். மெட்ராஸில் கப்பலேறி நாலு நாள் வாந்தி, போர்ட் பிளேயரில் இறங்கி போட் பிடித்து இன்னொரு நாள் வாந்தி. என் வீட்டுக்காரருக்கு அங்கே மரமில்லில் ஃபிட்டர் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஒரு வீட்டில் அவரும் அவர் மகனும் இருந்தார்கள். புருஷன் நான் வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகளுக்கு ஸ்கூல் சட்டையும் மில்காரர்களுக்கு அரை டவுசரும் தைத்துப் பிழைத்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. நான் மதுரைப் பக்கம். ‘அவ்வோ வந்தாவ, இவ்வோ போனாவ’ என்று அவர் யாரைச் சொல்கிறார் என்று புரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது. முகத்துக்கு நேரே பெரியம்மா என்பேன். மற்றபடி ஊரே சொல்வதுபோல ஜட்ஜம்மாதான்.

தமிழ்ச் சபை என்று நாங்கள் பதினாலு குடும்பம். மில்லில் கழித்த பலகைகளை அடித்து, கால் நட்டு, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய ஒரு ஷெட்தான் எங்கள் கோயில். போதகர் போர்ட் பிளேயரிலிருந்து மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை வருவார், அதுவும் கடல் ஒத்துக்கொண்டால். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசித்துப் பேச ஓர் ஆள் வேண்டும். ஆண்களுக்கு ஷிஃப்ட், இல்லையென்றால் வெட்கம், இல்லையென்றால் சனிக்கிழமை குடித்தது தெளிந்திருக்காது. ஆகவே அவர்.

அன்பு, சமாதானம் என்றெல்லாம் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் இருந்தது ஒரே பாடம்: கீழ்ப்படியாமையும் அதற்கு வருகிற அடியும். வனாந்தரத்தில் தலைவனுக்கு எதிராகக் கலகம் பண்ணினவர்களைப் பூமி வாயைத் திறந்து பெண்டு பிள்ளைகளோடு விழுங்கிய கதையை மாதம் ஒரு முறையாவது எடுத்துவிடுவார். சொல்லும்போது குதிகாலால் பலகையைத் தட்டுவார். “அன்னைக்குக் காலையிலயும் பூமி இப்பிடித்தான சும்மா கெடந்துச்சு? யாருக்காவது தெரிஞ்சுதா?” டொக். பலகைக்குக் கீழே வெறும் காற்று என்பதால் ஷெட் முழுக்க அதிரும். முன்னால் சம்மணம் போட்டிருக்கிற பிள்ளைகள் தரையில் ஊன்றிய கையைச் சட்டென்று எடுத்துக்கொள்ளும். நானும் எடுத்திருக்கிறேன்.

வாரநாட்களிலும் தீர்ப்பு உண்டு. ஒருவரைக் காலில் பூரான் கடித்துவிட்டது. அந்தமான் பூரான், சாண் நீளம். மனிதர் ஊளையிட்டுக்கொண்டு கிடக்கிறார். இவர் போய்ச் சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டிவிட்டு, “அந்தக் காலு கொஞ்ச நாளா எங்கெங்க போயிட்டு வந்துச்சு?” என்று கேட்டார். பக்கத்தில் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். பூரான் கடித்ததைவிடப் பெரிய ரகளை அன்று அந்த வீட்டில். இன்னொருவருக்குப் பல்வலி. “அந்த வாயால யாரப் பேசுன?” பர்சாத் மழையில் கூரை பறந்தவனிடம், “உன் தம்பிய வெளிய போன்னு சொன்னியாமே?” சிரித்துக்கொள்வோம். சிரித்துவிட்டு, நமக்கு ஒன்று வந்தால் அவரிடம்தான் ஓடுவோம். ஏனென்றால் அவரிடம் எப்போதும் ஒரு பதில் இருந்தது. வேறு யாரிடமும் இல்லை.

அவர் மகனுக்கு அப்போது இருபது வயதிருக்கும். மில்லில் பலகை அடுக்குகிற வேலை. பேச்சு குறைவு. என் வயிறு பெருத்த மாதங்களில் குழாயடியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போவான். நான் கேட்டதில்லை. அவனும் சொல்லிக் காட்டியதில்லை.

எனக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சள். வங்காளி கம்பவுண்டர் பார்த்துவிட்டு, “போர்ட் பிளேயர் லே ஜாவ், ஜல்தி” என்று உடனே அங்கே கொண்டுபோகச் சொன்னார். போட் வியாழக்கிழமைதான். பிள்ளை புதன்கிழமை மத்தியானம், ஒன்பதாம் நாள், போய்விட்டது.

குளிப்பாட்டியது ஜட்ஜம்மாதான். அடக்கத்துக்கு ஒரு சட்டை தைத்தார். தன்னுடைய சாவுக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கிழித்து, கழுத்துக்கு லேஸ் வைத்து, அரை மணியில் முடித்துவிட்டார். அளவே எடுக்கவில்லை. அப்படிப் பொருந்தியது. தைக்கும்போது கண்ணீர் துணியில் விழாமல் இருக்கத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். இதையும் சொல்லாவிட்டால் நான் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன். ஏற்கெனவே செய்தது போதும்.

மூன்றாம் நாள் கஞ்சி கொண்டுவந்தார். நான் குடிக்கும்வரை தலையை வருடிக்கொண்டிருந்தார். பிறகு, “ஏட்டி, நீ உங்க அப்பா பேச்சக் கேக்காம கெளம்பி வந்தவதான?” என்றார்.

உண்மைதான். அப்பா பார்த்த மாப்பிள்ளை வேறு. நான் பிடிவாதமாக இவரைக் கட்டிக்கொண்டு கப்பலேறினேன். அப்பா ஹார்பருக்கு வரவில்லை.

“அதான் மக்கா. அதுக்குத்தான் இது. இனி பயமில்ல. காரணம் தெரிஞ்சுபோச்சுல்லா? அழுது திருந்திட்டன்னா அடுத்தது நிக்கும். காரணம் தெரியாத அடிதான் பயங்கரம்.”

கிண்ணத்தைச் சுவரில் வீசியிருக்க வேண்டும். நான் மிச்சக் கஞ்சியையும் குடித்தேன். அவர் அதை ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். பூரான் கடிக்குச் சுண்ணாம்பு வைத்ததுபோல எனக்கும் ஒரு மருந்து வைத்துக் கட்டினார். அது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு அவரைக் கொன்றுவிடலாம் போலிருந்தது.

என்னிடம் சொன்னதோடு விட்டிருந்தால்கூட இந்தக் கதை இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் அதே வனாந்தரக் கதை. தகப்பன் பேச்சை மீறிக் கடல் தாண்டுகிறவர்கள் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். பெயர் சொல்லவில்லை. பதினாலு குடும்பத்தில் பெயர் எதற்கு? பால் கட்டி, ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. அவர் குதிகாலைத் தூக்கினார்.

“அம்மா, போதும். உக்காரு.”

ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் மகன் எழுந்து நின்றான். அவன் குரலையே அன்றுதான் பல பேர் கேட்டிருப்பார்கள்.

“போட்டு வியாழக்கிழமைதான வந்துச்சு? செவ்வாக்கிழமை வந்திருந்தா பிள்ள பொழச்சிருக்கும். இதுல கர்த்தர் எங்கம்மா வந்தாரு?”

“கர்த்தர் எங்க வந்தாருன்னா கேக்க?”

“ஆமா. அந்த அக்கா பிள்ளையக் கொன்ன கடவுள எனக்குச் சொல்லித் தராத. எனக்கு வேண்டாம்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருடம் அவர் பேசிப் பேசி பயமுறுத்திய கலகம், அவர் வயிற்றில் பிறந்ததே எழுந்து நிற்கிறது. சபை நடுவில்.

“கலகம் பண்ணிட்ட” என்றார். “கர்த்தர் நாமத்துல சொல்லுதேன். உன்னைய விழுங்கப் பூமி வேண்டாம். சுத்தியும் கடல் கெடக்கு. அது வாயத் தெறக்கும்.”

சொன்ன மறுகணம் அவர் கை தானாகப் போய் வாயைப் பொத்தியது. நான் நேர் எதிரே இருந்ததால் பார்த்தேன். ஒரு நொடிதான். கையை எடுத்துவிட்டு ஜெபத்தை முடித்தார்.

அவன் அடுத்த போட்டில் போய்விட்டான். தீவுகளுக்கு நடுவே ஓடுகிற ஒரு சரக்கு போட்டில் கலாசியாகச் சேர்ந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. போர்ட் பிளேயரில் வேறு வேலையே கிடைக்காமலா போயிற்று? கடல் என்று அவர் சொன்னதாலேயே கடலுக்குப் போனான். அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

அதன் பிறகு நாலு வருடம். லாங் ஐலண்டில் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது. எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் காடு, இல்லையென்றால் கடல். திரும்பி வந்தால் அதே முகங்கள். நானும் அவரும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். எனக்கு ஒரு பெண் பிறந்து, பிழைத்து, நடந்தாள். “திருந்திட்டல்லா, அதான்” என்று சொல்லி அவளுக்கு மார்பில் பூப்பின்னல் போட்ட ஒரு கவுன் தைத்துக் கொடுத்தார். நான் திருந்தவெல்லாம் இல்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை. கவுன் அழகாக இருந்தது.

ஆனால் அவர் மாறிக்கொண்டே வந்தார். படகுத்துறையான ஜெட்டிப் பக்கம் போட்டின் சங்கு கேட்டால் மெஷின் நின்றுவிடும். குடையை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போவார். சாமான் நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில் நிற்பார். யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். இறங்குகிறவர்கள் தாங்களாகவே, “உங்க பையன் கார் நிக்கோபார் டிரிப்ல இருக்கான் மாஜி, நல்லாருக்கான்” என்பார்கள். தலையைக்கூட ஆட்டமாட்டார். திரும்பி வந்து தைப்பார். காற்று எழும்புகிற நாட்களில் சாப்பிடமாட்டார். கேட்டால் உபவாசம் என்பார்.

ஒரு முறை எனக்கே பொறுக்கவில்லை. “ஒரு வார்த்தை, வாபஸ்னு சொல்லிடுங்க பெரியம்மா. லெட்டர் போடுங்க, வந்துருவான்” என்றேன்.

“என் பேருல சொல்லியிருந்தா வாங்கிருவேனே. அவரு பேருல சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொன்னா அதுவும் கலகந்தானட்டி?” துணியை மடித்துக்கொண்டே சொன்னார். “அவன் நல்லா இருந்தா நான் கர்த்தர் பேரச் சொல்லிப் பொய் சொன்னவ. அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் பிள்ளையத் தின்னவ. எது நடக்கணும்னு நான் ஜெபிக்க, சொல்லு?”

அவர் மடித்துப் போட்டதை வாங்கி அடுக்கினேன். உள்ளுக்குள் ஒரு மூலையில், நல்லா வேணும் என்றும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இனி அட்டை விஷயம். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். புது வருஷ ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். கையை விட்டு எடுக்கிற அட்டையில் என்ன வசனம் இருக்கிறதோ, அது அந்த வருஷம் முழுவதற்கும் கடவுள் உனக்குச் சொன்ன வார்த்தை. எடுத்ததை மாற்றக்கூடாது. ஊரில் அச்சடித்த அட்டை கடையில் கிடைக்கும். எங்களுக்குக் கப்பலில் வந்து சேர்வதற்குள் ஈஸ்டர் ஆகிவிடும். அதனால் ஜட்ஜம்மா கையால் எழுதுவார். டிசம்பர் பிறந்தால் பழைய டீத்தூள் அட்டை, பிஸ்கட் அட்டை எல்லாம் சேர்த்து வைப்பார். நான் கத்தரித்துக் கொடுப்பேன். இரவில் ஜெனரேட்டரை நம்ப முடியாது என்பதால் ஒன்றாம் தேதி காலையில்தான் எங்களுக்கு ஆராதனை.

மற்ற சபைகளில் ஆசீர்வாத வசனம் மட்டும்தான் இருக்கும். இவர் பாதிக்குப் பாதி எச்சரிப்பு எழுதுவார். “இனிப்பு மட்டும் தின்னா வயித்துல புழு வைக்கும்” என்பார். எரிகிற சூளையைப் பற்றி ஒன்று எடுத்துவிட்டு வருஷம் முழுக்கச் சமையலறைக்குள் போகப் பயந்த பெண்ணை எனக்குத் தெரியும். டப்பா இரண்டு. பெரியது வந்திருக்கிறவர்களுக்கு. சின்னது, மூடியில் ரோஜாப் படம் போட்ட பவுடர் டப்பா, தூரத்தில் இருப்பவர்களுக்கு. மெயின்லேண்டில் இருக்கிற அப்பாவுக்கு, கப்பலில் போன அண்ணனுக்கு என்று வீட்டுக்காரர்கள் அதில் கை விட்டு எடுப்பார்கள். தூரத்தார் டப்பா என்பது அதற்கு அவர் வைத்த பெயர். நாலு புது வருஷம் அவர் தனக்கு மட்டும் பெரிய டப்பாவில் ஒன்று எடுத்துக்கொண்டார். சின்ன டப்பாவின் பக்கம் கை போகவில்லை.

அந்த டிசம்பர் கடைசியில் பெரிய காற்று. கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் மாயாபந்தரிலிருந்து கிளம்பின அவன் போட் எங்கும் போய்ச் சேரவில்லை. வயர்லெஸ்ஸில் செய்தி இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ணி, நாலு நாளாகிவிட்டது. ஜெட்டியில் யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. முப்பதாம் தேதி நான் கத்தரிக்கோலோடு போனபோது, “பெரிய டப்பாவுக்கு வெட்டு, போதும். சின்னதுக்கு நானே பாத்துக்கிடுதேன்” என்றார். கண் குழிந்து கிடந்தது. பெரிய டப்பாவுக்கு மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்றாம் தேதி காலை. எல்லோரும் பெரிய டப்பாவில் எடுத்து முடித்தார்கள். சின்ன டப்பா வந்தது. மெயின்லேண்டில் இருக்கிற மகளுக்காக ஒருவர் எடுத்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் வாசித்தார். அலைகள் அடங்கும், நீ விரும்பிய கரையில் சேருவாய் என்று அதற்கு அர்த்தம். அடுத்து, கப்பலில் வருகிற தம்பிக்காக ஒரு பெண் எடுத்தாள். அதே வசனம். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அப்போது ஜட்ஜம்மா டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“எம் மவனுக்கு நீ எடு” என்றார். “என் கை வேண்டாம். உனக்காகத்தான அன்னைக்கு எழும்புனான். நீ எடு.”

எடுத்தேன். அதே வசனம்.

“மூணு பேருக்கும் ஒரே வாக்கு!” என்று யாரோ கத்தினார்கள். ஸ்தோத்திரம், அல்லேலூயா என்று ஷெட் அதிர்ந்தது. பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன், பொய் சொல்வானேன். ஜட்ஜம்மா மட்டும் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு ஷெட்டைப் பெருக்குவது அந்த மாதம் என் முறை. மேஜையைத் துடைக்க டப்பாவை எடுத்தேன். உள்ளே மிச்ச அட்டைகள் கலகலத்தன. ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. பதினொரு அட்டை இருந்தது. பதினொன்றிலும் அதே வசனம். எழுத்து ஒழுங்காகக்கூட இல்லை.

வாழ்நாள் முழுக்கக் கலகத்தைக் கண்டு நடுங்கிய மனுஷி. பூரானைக்கூட விசாரித்தவர். கடவுள் வேறு எதையும் சொல்ல வழியில்லாதபடி அட்டை எழுதி வைத்திருக்கிறார். வேறொருத்தியாக இருந்தால் அப்போதே ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டிருப்பாள். நான் மூடியைப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தேன். உள்ளே ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது.

மறுநாள் சாயங்காலம் என் பின்வாசலுக்கு வந்தார்.

“ஏட்டி, டப்பாவ நீதான எடுத்து வச்ச?”

“ஆமா பெரியம்மா.”

“தெறந்து பாத்தியா?”

இல்லை என்று சொல்லேன் என்று அவர் முகம் கெஞ்சியது. ஒரு சொல்தான். அதைச் சொல்லியிருந்தால் முடிந்தது. “பாத்தேன். எல்லாத்துலயும் ஒண்ணுதான் இருந்துச்சு” என்றேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, “பெத்தவல்லா நான்” என்றார்.

“பயப்படாதீங்க பெரியம்மா” என்றேன் நான். “காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல. இனி எது வந்தாலும் எதுக்குன்னு தெரியும்.”

நாலு வருடம் நாக்குக்கு அடியில் வைத்திருந்தது. சண்டை போட்டிருந்தாலும், திட்டியிருந்தாலும் எனக்கு ஆறியிருக்கும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, பெரிய உண்மையைக் கேட்டதுபோல, “ஆமா. ஆமா மக்கா, நீ சொல்லுததுதான் சரி” என்றார். எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் தேதி மத்தியானம் சங்கு ஊதியது. அவன் போட்தான். இஞ்சின் கராபாகி நின்றுபோய், காற்றுக்குப் பயந்து, ஆள் இல்லாத ஏதோ ஒரு குடாவுக்குள் ஒதுங்கி இத்தனை நாள் கிடந்திருக்கிறது. மழைத்தண்ணீரும் தேங்காயும்தான் சாப்பாடாம். தண்ணீர் பிடிக்க ஒரு மணி நேரம் எங்கள் ஜெட்டியில் நிற்பதாகச் சொன்னார்கள். சபை முழுக்க ஓடியது, வாக்கு நிறைவேறிவிட்டது என்று பாடிக்கொண்டே. ஜட்ஜம்மா தராசுக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில், குடையோடு நின்றார். நான் இரண்டு எட்டு தள்ளி நின்றேன்.

அவன் இறங்கி வந்தான். தாடி, கறுத்த உடம்பு, கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். நேராகத் தாயிடம் வந்தான்.

“அம்மா, பிழைக்க மாட்டோம்னு நெனச்சேன். உன் முகந்தாம்மா வந்துட்டே இருந்துச்சு. போதும்மா நம்ம சண்ட.”

கையை நீட்டினான். அவர் பின்னால் நகர்ந்தார். குடை கீழே விழுந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், சூடான சட்டியைத் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல. தன்மேல் வரப்போகிற அடி அவன்மேலும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார். அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும்.

“கிட்ட வராதய்யா” என்றார். “போயிரு. நல்லா இரு. எங்கிட்ட வராத, போயிரு.”

பாட்டு நின்றுவிட்டது. அவர் திரும்பி வேகமாக நடந்தார். அவன் அப்படியே நின்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

“அக்கா, இன்னுமா மன்னிக்கல? நான் என்ன செஞ்சேன்கா?”

சொல்லியிருக்கலாம். உன் அம்மா உனக்காகக் கடவுளையே ஏமாற்றினாள், நான் அதைச் சொல்லிக் காட்டினேன், அதனால்தான் உன்னைத் தொடப் பயப்படுகிறாள் என்று. மூன்று வரி. ஆனால் மூன்றில் ஒரு வரி நான். சுற்றிலும் ஆட்கள். எனக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தவனிடம், எனக்காகச் சபையில் எழுந்து நின்றவனிடம், “தெரியல தம்பி” என்றேன்.

காரணம் தெரியாத அடிதான் பயங்கரம் என்று அவர் சொன்னாரே. அதை அவனுக்குக் கொடுத்தது நான்.

பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு போட்டுக்குத் திரும்பினான். வெள்ளைத் துணி, நல்ல மல், ஓரத்தில் லேஸ். அம்மாவுக்கு. கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் தொடவில்லை. “நீயே வச்சிரு” என்றார்.

அதன் பிறகு அவர் ஷெட்டில் பேசவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார். வேறு யாரோ வாசித்தார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் போர்ட் பிளேயரிலிருந்து அச்சடித்த அட்டைகள் நேரத்துக்கு வர ஆரம்பித்தன, பூப்படம் போட்டு, எல்லாமே ஆசீர்வாதம். அவர் தைத்துக்கொண்டே இருந்தார். யாருக்குப் பல்வலி வந்தாலும் எதுவும் கேட்கவில்லை. ஊர் நிம்மதியாக இருந்தது. அவர் ஒவ்வொரு நாளும் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அது வரவில்லை. அவன் கடலில் முப்பது வருடம் ஓடி, ரிட்டயராகி, பேரன் பேத்தியோடு மெயின்லேண்டில் இருப்பதாகக் கேள்வி. கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை.

அவர் அதற்கெல்லாம் வெகு முன்பே, எழுபதுகளின் நடுவில் ஒரு பர்சாத்தில், இரண்டே நாள் காய்ச்சலில் போனார். மகனுக்குத் தந்தி கொடுத்தார்கள். போட் இரண்டு நாள் கழித்துத்தான். அதுவரை வைத்திருக்க முடியாது. அடக்கத்துக்குத் துணி வேண்டும் என்றார்கள். அவர் தனக்கென்று வைத்திருந்த துணி என் பிள்ளையோடு மண்ணுக்குள் போய் எத்தனையோ வருடம். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த வெள்ளை மல்லை எடுத்து வந்தேன். அவர் மெஷினிலேயே உட்கார்ந்து தைத்தேன். எனக்கு அவ்வளவாகத் தைக்கத் தெரியாது. கழுத்து லேஸைக் கையால் வைக்கும்போது ஊசி விரலில் குத்தியது.

வேலையை நிறுத்தினேன். விரலை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். அவரைப்போல நான் தேட வேண்டியிருக்கவில்லை.